புதுப்பிப்பு: வெயிலில் தானாக ஒலித்த ஜக்கார்ட் தறிச் சிற்பம், பிரச்சினை தீர்ந்தது

என் சிற்பத்தின் மணிகள் வெயிலில் தாமாக அடிப்பதை எப்படி நிறுத்துவது என்று இங்கே கேட்டிருந்தேன், உதவிய எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: 1804இல் வந்த, துளையட்டைகளால் நெசவு வடிவத்தைத் தீர்மானிக்கும் ஜக்கார்ட் தறியைப் போல, என் சிற்பத்தின் கைப்பிடியைச் சுற்றினால் துளையட்டைகள் நகரும், துளை வழியே அகச்சிவப்பு ஒளி புகுந்தால் மணி அடிக்கும். வெள்ளவத்தை மண்டபத்தில், பிற்பகல் வெயில் கடல் பக்க ஜன்னலால் விழுந்ததும், வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால், மணிகள் தாமாகவே அடித்தன.

கறுப்புத் துணி மறைப்பு ஓரளவுக்குத்தான் உதவியது. தீர்த்து வைத்தது, 38 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 38,000 முறை) துடிக்கும் ஒளியும், அந்தத் துடிப்பை உணரும் டிஎஸ்ஓபி 4838 ரிசீவரும் போடச் சொன்ன யோசனை. இப்போது நல்ல வெயிலிலும் பிள்ளைகள் பின்பக்கமாகச் சுற்றி மெட்டைத் திருப்பிக் கேட்கிறார்கள், எனக்குச் சரியான சந்தோஷம்!

அப்புறம், எதிர்பாராத ஒன்று. ஒளியை நிறுத்தாமல் அனுப்பினால் இந்த ரிசீவர் அதை இரைச்சலாக எடுத்துக்கொண்டு அடங்கிவிடுகிறது. சின்னச் சின்ன இடைவெளி விட்டு அனுப்புங்கள். தொடர்ச்சியாகத்தான் வேண்டுமென்றால் டிஎஸ்ஓபி 4038 வாங்குங்கள்.