‘சிம்மக்கல் வீடு’ குழு: அப்பத்தாவின் அந்தமான் பயணம்

வியாழன், இரவு 8:10

கார்த்தி: அப்பத்தாவின் 80 வயதுக்கு மண்டபம் பிடிக்காமல் எல்லாருமாக அந்தமான் போகலாம் என்று போன வாரம் பேசினோமே. இன்றைக்குத் தேதி முடிவானால்தான் டிக்கெட் பார்க்க முடியும். யார் யார் வருகிறீர்கள்?

வள்ளி அத்தை: நான் உண்டு மருமகனே. மாமாவுக்கு லீவு கிடைக்காது.

செல்வி: நானும் குட்டியும்

முத்து சித்தப்பா: முதலில் தேதி சொல்லு

கார்த்தி: அரையாண்டு லீவு?

முத்து சித்தப்பா: டிசம்பர் 26 சுனாமி வந்த நாள். அந்த வாரம் அம்மாவைக் கடலில் ஏற்ற மாட்டேன்.

செல்வி: பொங்கல் லீவு?

முத்து சித்தப்பா: தை 2 பாலமேடு. காளையை யார் பிடித்துக்கொண்டு போவது?

வள்ளி அத்தை: பெற்ற தாயைவிடக் காளை பெரிது

முத்து சித்தப்பா: இந்தப் பேச்சு இங்கே வேண்டாம் வள்ளி

சாந்தி பெரியம்மா: நாளைக்குக் குழம்பு மிளகாய்த்தூள் அரைக்கப் போகிறேன். யாருக்கு எவ்வளவு?

செல்வி: எனக்கு 1 கிலோ பெரியம்மா

வள்ளி அத்தை: 2. மல்லி கூடப் போடுங்கள் மதினி. போன தடவை காரம் தூக்கல்.

கார்த்தி: தேதி…

செல்வி: மே மாதம்?

சாந்தி பெரியம்மா: சித்திரைத் திருவிழாவை ஒட்டி வரும். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் வீட்டைப் பூட்டுவதா?

இரவு 8:41

ராமசாமி பெரியப்பா: எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். மே மாதம் கூடாது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்பே அந்தமானில் இறங்கிவிடும். கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு போகிற படகை நிறுத்திவிடுவார்கள், நடுவில் மாட்டிக்கொள்வோம். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். மதுரையிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வேறு ஊரோ என்று குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் இப்போது சுவராஜ் தீவு, நீல் தீவு இப்போது ஷஹீத் தீவு. அவை 2018இல் மாறின. சூரியன் அங்கே நமக்கு முன்னால் உதித்து முன்னால் மறையும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் எதைப் பார்ப்பதானாலும் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அம்மாவுக்கும் அதுதான் சௌகரியம், நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்.

செல்வி: சரி பெரியப்பா

முத்து சித்தப்பா: பாஸ்போர்ட் வேண்டுமாமே. பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

கார்த்தி: வேண்டாம் சித்தப்பா, நம் நாடுதானே. ஆதார் போதும். வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் வேறு விதி.

செல்வி: பாராடங் சுண்ணாம்புக் குகை போகலாமா? குட்டிக்கு ஆசை

ராமசாமி பெரியப்பா: அம்மாவை வைத்துக்கொண்டு முடியாது. ஜாரவா பழங்குடியினர் காட்டு வழியே போக வேண்டும், வண்டிகளை வரிசை கட்டித்தான் விடுவார்கள். நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அது அவர்கள் காடு. வேடிக்கை பார்க்கப் போகிற இடம் இல்லை என்பது என் எண்ணம்.

செல்வி: சரி, அப்போது ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையில் ஒரு நாள் முழுக்க

வள்ளி அத்தை: மூன்று தீவு அம்மாவுக்கு ஆகுமா? படகில் குமட்டல் எடுத்தால்?

முத்து சித்தப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன். ராமேசுவரம் போதும். அதுவும் தீவுதான்.

கார்த்தி: சித்தப்பா, அப்பத்தா கேட்டது தாத்தா வேலை பார்த்த சாத்தம் மர ஆலையை

முத்து சித்தப்பா: தெரியும்

இரவு 9:05

ராமசாமி பெரியப்பா: அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். “எனக்குக் கடலும் வேணாம், மணலும் வேணாம். உங்கய்யா நாலு வருசம் மரம் அறுத்த எடத்த ஒரு தடவ பாக்கணும். ராமசாமி அப்பக் கைக்கொழந்த. ஒன்னயத் தூக்கிட்டுக் கப்பல் ஏற எம் மாமியா விடல. மூணு நாளு கப்பல்ல வந்து எறங்குவாரு, சட்டையெல்லாம் அந்த மர வாசம்.”

வள்ளி அத்தை: அழ வைத்துவிட்டார்

செல்வி: 😢

ராமசாமி பெரியப்பா: சாத்தம் மரஅறுவை ஆலை 1883இல் தொடங்கியது. அரசாங்க ஆலை. சாத்தம் தனித் தீவு, ஆனால் ஸ்ரீ விஜயபுரத்தோடு பாலம் இருக்கிறது, காரிலேயே போய் இறங்கலாம். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட பள்ளம்கூட இன்னும் உள்ளே இருக்கிறது. அப்பா அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அம்மா சாத்தத்தைப் பார்க்கட்டும், வெற்றிமலை முருகன் கோயிலில் கும்பிடட்டும். செல்லுலார் சிறையில் கீழே உட்கார வைத்துவிட்டு நாம் மாடி ஏறலாம். மற்றத் தீவுகளுக்கு இளசுகள் போய் வாருங்கள். நான் அம்மாவோடு ஸ்ரீ விஜயபுரத்திலேயே இருக்கிறேன். அறுபது வருடம் காத்திருந்தவரிடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

முத்து சித்தப்பா: அண்ணே நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஜனவரி கடைசி என்றால் சரி.

கார்த்தி: ஜனவரி 24ஆம் தேதி வாக்கில்?

வள்ளி அத்தை: அன்றைக்கு ஒரு வளைகாப்பு இருக்கிறது. பிப்ரவரி முதல் வாரம்?

செல்வி: குட்டிக்கு அப்போது பரீட்சை இருக்கும். பள்ளியில் கேட்டுச் சொல்கிறேன்.

முத்து சித்தப்பா: ஹேவ்லாக் மட்டும் போதும். நீல் வேண்டாம்.

செல்வி: நீல் வேண்டும் சித்தப்பா, ஹேவ்லாக்கிலிருந்து ஒரு மணி நேரம்தான்

சாந்தி பெரியம்மா: மிளகாய்த்தூள் முத்து வீட்டுக்கு?

முத்து சித்தப்பா: 3 கிலோ மதினி

கார்த்தி: நாளைக்குள் எல்லாரும் ஆதார் படம் அனுப்புங்கள். டிக்கெட்டில் பெயர் அதில் இருப்பது போலவே வர வேண்டும். அப்பத்தா ஆதார் யாரிடம்?

ராமசாமி பெரியப்பா: இங்கே இல்லை. போன ஆடியில் முத்து வீட்டில் இருந்தபோது கொண்டுபோனார்.

முத்து சித்தப்பா: படாக் மரப் பெட்டிக்குள் இருக்கும். பூட்டியிருக்கிறது.

வள்ளி அத்தை: அப்பா அந்தமானிலிருந்து கொண்டு வந்த பெட்டி. எனக்கென்று சொன்ன பெட்டி.

முத்து சித்தப்பா: சாவி உன்னிடம்தானே இருக்கிறது

கார்த்தி: அத்தை, நாளைச் சாயங்காலம் வண்டியில் உங்களைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போகட்டுமா?

இரவு 9:52

வள்ளி அத்தை: ஆறு மணிக்கு மேல் வா. சாவியைத் தேட வேண்டும்.