அத்தோசுக்கு ஒரு மீன் பெயர் வேண்டும்

வணக்கம் உறவுகளே. கோண்டாவிலில் எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பழைய ஊமைப்படம் காட்டப் போகிறோம். 1922இல் மாக்ஸ் லிண்டர் நடித்து இயக்கிய ‘தி த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்’. சாப்ளினே குருவாக மதித்த பிரெஞ்சுக் கலைஞர் அவர். அலெக்சாந்தர் துய்மா 1844இல் எழுதிய ‘மூன்று மஸ்கடியர்கள்’ (அரசரின் துப்பாக்கி வீரர்கள்) நாவலைத் தலைகீழாகப் புரட்டிச் சிரிக்க வைக்கிறார். கதை நடப்பது 1625இல், ஆனால் நடுவில் தொலைபேசி வரும், மோட்டார் சைக்கிளும் ஓடும்!

இடையில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகளைத் தமிழாக்கி, படம் ஓடும்போது நானே வாசிக்கப் போகிறேன். சிக்கல் பெயர்களில்தான். நாவலில் வரும் அந்த மூன்று வீரர்களான அத்தோஸ், போர்த்தோஸ், ஆரமிஸ் மூவருக்கும் படத்தில் வால்ரஸ், ஆக்டோபஸ், போர்ப்பஸ் என்று கடல் உயிரினங்களின் பெயர். அதை அப்படியே வைத்தால் எங்கள் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். போர்த்தோசைப் ‘பாரை’ ஆக்கினேன், ஆரமிசை ‘ஆரல்’ ஆக்கினேன். அத்தோசுக்கு மூன்று நாளாக ஒன்றும் அகப்படவில்லை. மீன்பிடி ஊர்களான பாசையூர், குருநகர் பக்கம் இருப்பவர்களே, ‘அ’வில் தொடங்கும், சொன்னவுடன் சிரிப்பு வரும் மீன் பெயர் ஏதும் இருக்கிறதா?

நாயகன் தார்த்தஞானை ‘டார்ட்-இன்-அகெய்ன்’ என்கிறார்கள், அதாவது திரும்பத் திரும்பப் பாய்ந்து வருபவன். அதற்கும் நல்ல தமிழ்ப் பெயர் சொல்லுங்கள்.

அப்புறம், படத்துக்குப் பக்கத்தில் இருந்து ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிக்க ஒருவர் தேவை. சண்டைக் காட்சிக்கு வேகமாக வாசிக்கத் தெரிந்தால் போதும். போக்குவரத்துச் செலவும் இரவுச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.