புதுச்சேரி வைசியாள் வீதித் திட்டத்தால் அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன மிஞ்சியது?

முதுநகர்வாசி:

வணக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஓட்டு வீடுகள் இன்னும் கொஞ்சம் நிற்கிற தெரு. பாதி வீடுகளில் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டாயிற்று, மீதி வீடுகளில் திண்ணை மேல் பைக் ஏறி நிற்கிறது. இதைப் பண்பாட்டுத் தெரு ஆக்கலாம், முகப்புகளைச் சீர்செய்து சனி ஞாயிறுகளில் கூத்து, கோலம், சுற்றிக் காட்டுவது எல்லாம் வைக்கலாம், நிதிக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்று ஒரு குழுவினர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பெரியவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. "பாண்டியில் செய்யவில்லையா?" என்று கேட்கிறார்கள்.

பாண்டியில் நடந்தது எனக்குப் படித்துத் தெரிந்த அளவில் இவ்வளவுதான்: 2002 வாக்கில் ஆசிய, ஐரோப்பிய நகரங்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு நிதி கொடுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரியும் இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லொத்தும் சேர்ந்தன, பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு முன்னின்று வேலை பார்த்தது, வைசியாள் வீதியில் (கால்வே சுப்பராய செட்டியார் வீதிதான்) வரிசையாக வீட்டு முகப்புகளைப் பழையபடி கொண்டுவந்தார்கள், 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. விருது, படம் எல்லாம் நெட்டில் கிடைக்கிறது, அது வேண்டாம். பணம் வந்து போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதே, அங்கே குடியிருக்கிறவர்களுக்கு இன்று அதனால் என்ன இருக்கிறது? வாடகை ஏறியதா, ஆட்கள் காலி செய்தார்களா, அப்புறம் வெள்ளையடிக்கிற செலவை யார் பார்க்கிறார்கள்? தெரிந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

தாழ்வாரத்து மருமகள்:

அந்தப் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள், அதனால் சொல்கிறேன். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் அண்ணா, வேலை பெரும்பாலும் தெருப் பக்கத்து முகப்புக்குத்தான். தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, மேலே கைப்பிடிச் சுவர், இப்படி. உள்ளே முற்றத்தில் ஓடு ஒழுகினால் அது உங்கள் கவலை. வீட்டுக்காரர்களும் ஒரு பங்கு பணம் போட்டார்கள், முழுக்க இனாமாக வந்தது என்று நினைக்காதீர்கள். நான் பார்த்தவரை அந்தப் பங்குதான் நல்லதாகப் போனது. கையிலிருந்து பணம் போனவர்கள்தான் இன்றைக்கும் மழைக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு மாற்றுகிறார்கள், தூணுக்கு எண்ணெய் பூசுகிறார்கள்.

தமிழர் பகுதி வீடுகளில் தாழ்வாரம் ஒரு வீட்டோடு நிற்காது, பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்ந்து தெரு நீளத்துக்கும் போகும். நடுவில் ஒருவர் இடித்துக் கட்டிடம் எழுப்பினால் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும், நிழலும் அறுந்துவிடும். ஒரு வீட்டை மட்டும் எடுத்துச் செய்யாமல் வரிசையாகச் செய்ததால் சித்திரை வெயிலில் கூட அங்கே நிழலிலேயே கொஞ்ச தூரம் நடக்க முடிகிறது. மாமனார் வயதுக்காரர்கள் சாயங்காலம் உட்கார்ந்து பேப்பர் படிக்க இடம் இருக்கிறது. எனக்குக் கேட்டால் தெருவுக்கு மிஞ்சியது இதுதான், பெரிதாக ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்னாலும் சரி.

எந்தத் திட்டத்தாலும் தொட முடியாத விஷயம் பாகம். ஒரு வீட்டுக்கு ஆறு பங்காளி, அதில் இரண்டு பேர் பிரான்சில். ஒருவர் கையெழுத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் உத்தரத்தில் கரையான் ஏறிவிடும், பிறகு விற்றுவிடலாம் என்பார்கள், வாங்குகிறவர் இடித்துவிடுவார். இங்கே பல நல்ல வீடுகள் இப்படித்தான் போயின. உங்கள் தெருவில் முதலில் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், பெயிண்ட் எல்லாம் அப்புறம்.

பீச் ரோடு பழசு:

மருமகள் அம்மா சொன்னது சரிதான், ஆனால் நல்ல பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டார்கள். தெரு அழகானதும் யார் வந்தார்கள்? தங்கும் விடுதி நடத்துகிறவர்கள். பழைய வீடுகளை வாங்கியோ நீண்ட குத்தகைக்கு எடுத்தோ அறை அறையாகப் பிரித்து ராத்திரிக்கு இவ்வளவு என்று விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து சென்னை, பெங்களூர் வண்டிகள் வந்து இறங்கினால் நம் வீட்டு வாசலில் நம் ஸ்கூட்டரை நிறுத்த இடம் இல்லை. யாரோ தெரியாத கல்யாண ஜோடி நம் திண்ணையில் உட்கார்ந்து போஸ் கொடுக்கும், எழுந்திருங்கள் என்றால் "இது ஹெரிட்டேஜ் தெருதானே" என்று நம்மிடமே கேட்பார்கள்.

சொந்த வீட்டுக்காரருக்கு மனை விலை ஏறியது லாபம். வாடகைக்கு இருந்தவருக்கு? அவர் முத்தியால்பேட்டைக்கோ லாஸ்பேட்டைக்கோ போய்விட்டார். எந்த அறிக்கையிலும் அவரைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. திட்டத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது, மது மலிவு, கடற்கரை, பிரெஞ்சு மோகம் என்று பாண்டிக்குக் கூட்டம் வர வேறு காரணங்கள் நிறைய. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் அந்த வீதியில் பாதி இன்று நாலு மாடி கண்ணாடிக் கட்டிடமாக இருந்திருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முதுநகருக்குச் சுற்றுலாக் கூட்டம் இப்போதைக்கு வராது, அது உங்கள் அதிர்ஷ்டம் தம்பி. வருவதற்கு முன்னாலேயே வாடகைக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

சுண்ணாம்புக் கை:

நான் கட்டிட வேலை எடுத்துச் செய்கிறவன், அப்பாவும் கொத்தனார். மேலே ரெண்டு பேரும் தெருவைப் பற்றிப் பேசினார்கள், வேலை செய்த கைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளுக்குப் பிறகு எங்கள் தொழிலில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட செத்துவிட்டது. எல்லாம் சிமெண்ட். கடற்கரை ஊரில் பழைய செங்கல் சுவருக்குள் தரையிலிருந்து ஈரமும் உப்பும் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அது ஈரத்தை வெளியே விட்டுவிடும், நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும். அதே சுவரில் சிமெண்டைப் பூசி மேலே எமல்ஷன் அடித்தால் பார்க்க மொழுமொழுவென்று இருக்கும், ஆனால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்பு பூத்துச் செங்கல்லை மாவாக்கிவிடும். பூச்சு பாளம் பாளமாக விழும்போது செங்கல்லும் கூடவே வரும். அப்போது வீட்டுக்காரர் "பழைய சுவர், பலமில்லை, இடித்துவிடலாம்" என்பார். சுவரைக் கெடுத்தது சிமெண்ட் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கூரையும் அப்படித்தான். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிறோமே, தேக்கு உத்தரம், அதன் மேல் சட்டம், அதற்கு மேல் மெல்லிய செங்கல்லை நிமிர்த்தி மூலைவாட்டத்தில் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும், கீழே சென்டரிங் பலகை கிடையாது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. கடைசியில் தட்டையான ஓடு, தட்டோடு என்போம், அதைப் பதிப்பார்கள். இந்த வேலை தெரிந்த கிழவர்கள் பாண்டியைச் சுற்றிக் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். முகப்பு வேலைகள் தொடர்ந்து நடந்ததால் அவர்களிடம் இளைய கொத்தனார்களும் தச்சர்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். பணம் தீர்ந்த பிறகும் அந்தக் கை போகவில்லை, பிறகு வந்த பழைய வீட்டு வேலைகளுக்கு எல்லாம் அவர்களைத்தான் தேடினார்கள். கூலியும் சாதாரணக் கொத்தனாரை விடக் கூட. என் கணக்கில் மிஞ்சிய சொத்து இதுதான், விருதுப் பட்டயம் இல்லை.

ஒரு கெட்ட உதாரணமும் சொல்லிவிடுகிறேன். பாண்டி கடற்கரையில் இருந்த மேரி கட்டிடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டிடம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடம், ஊரே பெருமையாகப் பேசியது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திருப்பிக் கட்டி 2021-இல் திறந்தார்கள், அதற்கு உலக வங்கிப் பணம் வந்தது. வருஷா வருஷம் மொட்டைமாடித் தண்ணீர் வெளியேறும் வழியைச் சுத்தம் செய்து தட்டோட்டு இடுக்கை அடைத்துவந்தால் ஆகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊருக்கு வேறொரு ஞாபகமும் வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில்தான் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் சாய்ந்ததைப் பற்றியே பேசினோம், ஓட்டு வீடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. நாட்டு ஓடு பறந்துபோன வீட்டுக்காரர்கள் ஓடு மேயத் தெரிந்த ஆள் கிடைக்காமல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக்கொண்டார்கள், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆகவே அந்தக் குழுவினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் வேலையிலேயே வைத்துக் கற்றுக்கொடுப்பீர்களா, அல்லது வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து முடித்துவிட்டுப் போவீர்களா?

பாரதம் கேட்டவன்:

குறிஞ்சிப்பாடிப் பக்கம். சனி ஞாயிறு கூத்து என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி மட்டும். தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் 1986-இல் வந்ததிலிருந்து நம் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கு வெளிமாநில மேடை எல்லாம் கிடைத்தது, குரு-சிஷ்ய முறையில் உதவித்தொகையும் உண்டு. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடைகளில் விடிய விடிய ஆடுகிற கூத்தை அரை மணி, முக்கால் மணிக்குச் சுருக்கச் சொல்வார்கள். மரக்கட்டை அணிகளைக் கட்டி முகத்துக்கு வேஷம் எழுதவே அதைவிட நேரம் ஆகும்!

கூத்து இன்னும் உயிரோடு இருப்பதற்கு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாதான் காரணம். பகலில் பாரதம் படிப்பது, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழ்கிற படுகளம், தீமிதி. ஊர் வரி போட்டு ஊரே கூலி கொடுக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு கோயில் வழக்கம் இருந்தால் அதற்குப் பணம் போகட்டும், ஒரு இரவாவது முழுசாக ஆடட்டும். விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக வாராவாரம் ஆடச் சொன்னால் மானியம் நிற்கிற அன்றைக்கு ஆட்டமும் நின்றுவிடும்.

முதுநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. பத்திர விஷயம் எங்கள் தெருவிலும் அப்படியேதான், சிங்கப்பூரில் ஒரு பங்காளி, ஆள் யாரென்றே தெரியாத இன்னொரு பங்காளி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாடகைக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன், அதற்கே ரெண்டு பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது, பார்ப்போம். குழுவினரிடம் கொத்தனார் கேள்வியைப் போனில் கேட்டேன், "பெயிண்ட் கம்பெனி ஸ்பான்சர் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது. சுண்ணாம்புக் கை அண்ணா, அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே ஒரு வீட்டில் நாங்களே தொடங்கிப் பார்க்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?

சுண்ணாம்புக் கை:

தாராளமாக. முதலில் சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள், வெள்ளையாக மாவு உதிர்ந்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் இருக்கிறது, கீறல் விழாமல் ஆணி வழுக்கினால் மேலே சிமெண்ட் ஏறியிருக்கிறது. சிமெண்ட் இருக்கும் இடத்தை மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைச் சில மாதம் காயவிட வேண்டும், அவசரப்பட்டு உடனே பூசிவிடாதீர்கள். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் எமல்ஷன் கொண்டுவந்தால் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் கேளுங்கள், சுவரில் வேண்டாம். சுண்ணாம்பு கிளிஞ்சலில் சுட்டதாகக் கிடைத்தால் நல்லது, வாங்கியதும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிடுங்கள், எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பூச்சு வேலையைத் தொடாதீர்கள், காயாது. தை பிறந்த பிறகு ஆரம்பியுங்கள், அதற்குள் கூரை ஓடுகளை மட்டும் சரி பார்த்துவிடுங்கள். கொத்தனார் யாரையாவது பார்த்துவைத்தீர்கள் என்றால் இங்கேயே எழுதுங்கள், இங்கே நடக்கிற வேலைக்கு ஒரு வாரம் வந்து நிற்கட்டும்.