அமெரிக்க செனட்டை வைத்து நையாண்டி: எங்கே சறுக்குகிறது?

ஓரக்குறிப்பு:

வணக்கம். ஃபிலிபஸ்டரை (அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில், விவாதத்தை முடியவிடாமல் இழுத்து மசோதாவைத் தடுக்கும் உத்தி) வைத்து 700 சொல்லுக்குள் ஒரு நையாண்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை இதுதான்: ஒரு மசோதாவைத் தடுக்க செனட்டர் ஒருவர் எழுந்து பேச ஆரம்பிக்கிறார். மூன்று நாள் ஆகியும் உட்காரவில்லை. சொல்ல விஷயம் தீர்ந்துபோய் சமையல் குறிப்பு வாசிக்கிறார். தொண்டை கட்டிவிடுகிறது. கடைசியில் மசோதா செத்துப்போகிறது.

படித்தால் சிரிப்பு வரவில்லை. பழைய வார இதழ்த் துணுக்கு மாதிரி இருக்கிறது. மூன்று சந்தேகம். மிகைப்படுத்தலை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்? உண்மையான அரசியல்வாதியின் பெயரைப் போட்டு, அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதலாமா? அமெரிக்க நடைமுறை தெரியாத வாசகருக்கு விதியை எங்கே, எவ்வளவு விளக்குவது?

விதி22:

கோளாறு நடையில் இல்லை, தகவலில் இருக்கிறது. நீங்கள் மிகை என்று நினைப்பதெல்லாம் நடந்து முடிந்த விஷயம். 1935இல் லூசியானா செனட்டர் ஹியூயி லாங் 15 மணி நேரத்துக்கு மேல் பேசினார். நடுவில் சிப்பி வறுவல் எப்படிச் செய்வது என்று சபைக்குப் பாடம் எடுத்தார். 1957இல் ஸ்ட்ரோம் தர்மண்ட் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார், சட்டம் அப்படியும் நிறைவேறியது. 2013இல் டெட் குரூஸ் 21 மணி நேரம் பேசினார், இடையில் குழந்தைகள் கதைப்புத்தகம் வாசித்தார். வாக்கெடுப்போ முன்பே நேரம் குறித்தபடி நடந்தது. 2025இல் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி தர்மண்டின் சாதனையை முறியடித்தார். அது எந்த மசோதாவையும் தடுப்பதற்காக ஆற்றிய உரை அல்ல. அதாவது பேசியவர்கள் பெரும்பாலும் எதையும் தடுக்கவில்லை. தடுப்பவர்கள் பேசுவதில்லை. உங்கள் நையாண்டி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்றைய நடைமுறை இப்படி. விவாதத்தை முடித்துவைக்க முதலில் 16 செனட்டர்கள் கையெழுத்திட்ட க்ளோச்சர் மனு வேண்டும். மனு கொடுத்த பிறகு இடையில் ஒரு அமர்வு நாள் கழிய வேண்டும். அப்புறம்தான் வாக்கெடுப்பு. 1917இல் இந்த விதி வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 1975இல் ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள், அதாவது 100 பேரில் 60. அது கிடைத்தாலும் இன்னும் 30 மணி நேரம் வரை விவாதத்துக்கு இடம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இரட்டைத் தட முறை வந்தது: ஒரு மசோதா சிக்கிக்கொண்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு சபை வேறு வேலையைப் பார்க்கலாம். அன்றோடு தடுப்பவருக்கு நிற்கிற வேலையும் இல்லை, பேசுகிற வேலையும் இல்லை. "எங்கள் பக்கம் 41 பேர் இருக்கிறோம்" என்று தெரிவித்தால் போதும்.

இன்னொரு பள்ளம்: எந்த மசோதா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீதிபதி நியமனத்தைத் தடுப்பதாக எழுதினால் விவரம் தெரிந்தவர் முதல் பத்தியிலேயே மூடிவிடுவார். 2013இல் ஜனநாயகக் கட்சியினர் கீழமை நீதிமன்றங்களுக்கும் நிர்வாகப் பதவிகளுக்கும், 2017இல் குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்றத்துக்கும் இந்த 60 வாக்குத் தடையை எடுத்துவிட்டார்கள். பட்ஜெட் ரீகன்சிலியேஷன் (வரி, அரசுச் செலவு தொடர்பான தனி வழிமுறை) மசோதாவும் ஆகாது, அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும், விவாத நேரமும் 20 மணிதான். குடியேற்றம், துப்பாக்கிக் கட்டுப்பாடு, வாக்குரிமை மாதிரி ஒரு சாதாரண மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கரடிவித்தை:

மிகைப்படுத்தல் அளவு பற்றி: ஒரு பொய், மீதி அத்தனையும் உண்மை. இந்த விகிதத்தைத் தாண்டினால் வெறும் கோமாளித்தனம்.

உண்மைச் சரக்கு அங்கே கொட்டிக்கிடக்கிறது. செனட் அவையில் உறுப்பினர் குடிக்கத் தண்ணீரும் பாலும் மட்டுமே அனுமதி. 1965இலிருந்து ஒரு மேசையில் மிட்டாய் நிரப்பி வைக்கிறார்கள், அந்த மேசைக்காரர் பொறுப்பில். ஒரு கட்டுரைக்கு இதில் ஒன்று போதும், அதுவும் போகிறபோக்கில். "இது நிஜம்!" என்று ஆச்சரியக்குறி போட்டுவிட்டால் போச்சு.

உண்மையைச் சரியாகச் சொல்வதே பாதிக் கிண்டல் என்பதற்கு பீட்சா விவகாரம். 2011இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பீட்சாவைக் காய்கறி என்று அறிவித்ததாக ஊரே சிரித்தது. அப்படி ஒரு வரி சட்டத்தில் கிடையாது. பள்ளி மதிய உணவில் 2 மேசைக்கரண்டி தக்காளி விழுதை அரைக் கோப்பை காய்கறியாகக் கணக்கு வைப்பது பழைய வழக்கம். விழுது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் கணக்கு என்று மாற்ற வேளாண் துறை முயன்றது. காங்கிரஸ் நிதி ஒதுக்கீட்டு மசோதாவிலேயே அந்த மாற்றத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. இப்போது சொல்லுங்கள், "பீட்சா ஒரு காய்கறி" கூர்மையா, "எட்டில் ஒரு பங்கு கோப்பை என்பது அரைக் கோப்பை என உலகின் மிகப் பழைய ஜனநாயகங்களில் ஒன்று தீர்மானித்தது" கூர்மையா? முதலாவதை எதிராளி "அப்படி எங்கே இருக்கிறது, காட்டு" என்று ஒரே அடியில் உடைப்பார். இரண்டாவதை உடைக்க முடியாது.

1981இல் அதிபர் ரீகனின் அரசு பள்ளி உணவில் கெச்சப்பைக் காய்கறி என்று சொன்னதாக உலவும் கதையும் இதே ரகம். வரைவு விதியில் உதாரணமாக இருந்தது ஊறுகாய் ரெலிஷ். கெச்சப்பைக் கொண்டுவந்தது விமர்சகர்களும் பத்திரிகைகளும். வரைவைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் இன்றைக்கும் கெச்சப்பைத்தான் எழுதுகிறார்கள்.

பொய்யே இல்லாமலும் செய்யலாம். நிறுவனங்கள் தேர்தலில் வரம்பின்றிச் செலவிடலாம் என்ற 2010 சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு அரசியலில் எல்லையற்ற பணம் புகுந்ததைக் கிண்டல் செய்ய, தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் நாடகம் போடவில்லை, நிஜமாகவே ஒரு சூப்பர் பேக் (வரம்பில்லாமல் நன்கொடை வாங்கித் தேர்தலுக்குச் செலவிடும் அமைப்பு) தொடங்கினார். 2011 ஜூனில் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் அனுமதி தந்தது. யோசனை சொன்ன வக்கீல், அதே ஆணையத்தின் முன்னாள் தலைவர் டிரெவர் பாட்டர். வேட்பாளரும் சூப்பர் பேக்கும் கலந்து செயல்படக் கூடாது என்பது சட்டம். 2012 ஜனவரியில் தான் போட்டியிட யோசிப்பதாகச் சொல்லி, அமைப்பை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் கையில் ஒரு கையெழுத்தில் கொடுத்தார். சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடையும் வந்து சேர்ந்தது. எந்த விதியையும் மீறவில்லை, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அவ்வளவுதான் நையாண்டி.

சட்டப்புள்ளி:

இரண்டாவது கேள்விக்கு. அமெரிக்கச் சட்டப்படி பொது வாழ்வில் இருப்பவரைப் பகடி செய்யலாம், சொல்லாததைச் சொன்னதாகவும் எழுதலாம், நியாயமான வாசகர் அதை நடந்த செய்தியாக எடுத்துக்கொள்ள வாய்ப்பில்லை என்றால். அடித்தளம் 1988 ஹஸ்ட்லர் எதிர் ஃபால்வெல் வழக்கு. மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல்லை மிகக் கேவலமாகச் சித்தரித்த ஒரு பொய் விளம்பரம்; கீழே சிறு எழுத்தில் இது பகடி என்ற குறிப்பு. யாரும் நம்பக்கூடியதல்ல என்று ஜூரியே சொன்னது, ஆனாலும் மன உளைச்சலுக்காக இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 8-0 என்று அதைத் தள்ளிவிட்டது.

சட்டம் காப்பாற்றும் என்பதற்காக நிம்மதியாக இருக்க முடியாது. ஒஹையோவின் பார்மா நகரக் காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தைப் போலவே ஒருவர் 2016இல் பகடிப் பக்கம் திறந்தார். சில மணி நேரமே இருந்த பக்கத்துக்காகக் கைதானார். ஜூரி விடுதலை செய்தது. போலீஸ் மீது அவர் போட்ட வழக்கு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. 2022இல் தி ஆனியன் என்ற நையாண்டிச் செய்தித் தளம் அவருக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கல் செய்தது. மனுவே பகடி நடையில் இருக்கும், தேடிப் படியுங்கள். 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது.

ஆகவே என் யோசனை: பெயரைப் போடுங்கள், ஆனால் மேற்கோள் குறிக்குள் போடும் வாக்கியம் யாராலும் நம்ப முடியாததாக இருக்கட்டும். அவர் சொல்லியிருக்கக்கூடிய மாதிரியான வாக்கியம்தான் ஆபத்து. உண்மையான ஊடகத்தின் இலச்சினை, செய்திப் பக்க வடிவமைப்பு, ஒட்டுவேலை செய்த படம் எதுவும் வேண்டாம். மேலே "நையாண்டி" என்று பட்டையாக ஒரு அடையாளமும் போட்டுவிடுங்கள்.

கரடிவித்தை:

கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆனியன் மனுவின் வாதமே அதற்கு எதிரானதுதானே? முன்கூட்டியே பகடி என்று அறிவித்தால் வாசகர் ஏமாந்து, பிறகு விழித்துக்கொள்ளும் அந்தக் கணம் போய்விடும்.

சட்டப்புள்ளி:

ஆனியனை எல்லோருக்கும் தெரியும், அதனால் அவர்களுக்கு அடையாளம் வேண்டாம். அப்படி இருந்தும் 2012இல் வட கொரியாவின் கிம் ஜோங் உன்னை உலகிலேயே மிகக் கவர்ச்சியான ஆண் என்று அவர்கள் எழுதியதைச் சீனாவின் பீப்பிள்ஸ் டெய்லி நாளிதழின் தளம் நம்பி, 55 படங்களோடு வெளியிட்டது. வேற்று மொழிக்குப் போகும்போது முதலில் உதிர்வது தொனிதான். தமிழில் அமெரிக்க நையாண்டி எழுதுபவர் அந்த நிலையில்தான் இருக்கிறார். தலைப்பை மட்டும் படம் பிடித்துப் பகிர்வார்கள், கட்டுரை கூட வராது. அடையாளம் பிடிக்கவில்லையென்றால் நடக்க முடியாத அந்த ஒன்றைத் தலைப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள், எட்டாவது பத்தியில் வைக்காதீர்கள்.

மேல்சட்டை:

பாதை மாறிப் போகிறோமோ? விதியை எங்கே விளக்குவது என்று கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை.

தனிப் பத்தியாக விளக்காதீங்க. செய்தி நடையில் எழுதுறீங்கன்னா, விளக்கம் செய்தியோட நாலாவது வரியில தானா வரும் ("60 வாக்கு தேவைப்படும் நிலையில் 59 மட்டுமே..."). ஒரு எண்ணுக்கு மேல வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கு போடணும்னு கை அரிக்கும். மிகச் சிறிய 21 மாநிலங்களோட 42 செனட்டர்களும் சேர்ந்தா ஒரு மசோதாவை நிறுத்தலாம், அந்த மாநிலங்கள்ல இருக்கறது நாட்டு மக்கள்ல ஏறத்தாழ 11 சதவீதம். கணக்கு சரி. ஆனா ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயற வெர்மான்ட்டும் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயற வயோமிங்கும் ஒரே பக்கம் நிக்கிறதா அர்த்தம் வரும், அது நடக்காது. போட்டா "நிறுத்த முடியும்"னு போடுங்க, "நிறுத்துகிறார்கள்"னு போடாதீங்க.

அப்புறம், ட்ரம்ப்போட முடி, பைடனோட வயசு ரெண்டையும் தொடாதீங்க. அது நையாண்டி இல்ல, கார்ட்டூன்ல மிச்சம் விழுந்தது. ஃபிலிபஸ்டரோட அழகே, யார் சிறுபான்மையோ அவங்களுக்கு அது ஜனநாயகத்தின் கடைசி அரண், அடுத்த தேர்தல்ல ஜெயிச்சதும் அதே ஆளுக்கு அது ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கிற கை. ஒரே உரையை ரெண்டு தரம் அச்சடிச்சு, தேதியையும் கட்சிப் பெயரையும் மட்டும் மாத்துங்க. ஆனியன் துப்பாக்கிச் சூட்டுக்கு 2014லேர்ந்து அதைத்தான் செய்யுது: ஊர் பெயர், இறந்தவங்க எண்ணிக்கை மாறும், தலைப்பும் வாசகமும் மாறாது. எந்த வரியிலும் ஜோக் இல்ல, திரும்பத் திரும்ப வர்றதுதான் அடி.

ஓரக்குறிப்பு:

எல்லோருக்கும் நன்றி. பேசுவதைத் தூக்கிவிட்டேன். தொடக்கம் இப்போது இப்படி:

"சமரசத்துக்கு இடமில்லை: செனட்டரின் வரலாற்றுச் சிறப்புமிக்க மௌனம் 3ஆவது வாரத்தில்

வாஷிங்டன்: துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவை எதிர்த்து மூத்த செனட்டர் ஒருவர் ஆற்றிவரும் மௌனம் இன்று 3ஆவது வாரத்தை எட்டியது. தம் தொகுதியிலுள்ள ஏரி ஒன்றில் மீன் பிடித்தபடியே அவர் போராட்டத்தைத் தொடர்வதாக அலுவலகம் தெரிவித்தது. அவையில் அவருடைய மேசையில் வைக்கப்பட்டிருந்த பால் இரண்டு முறை மாற்றப்பட்டது. 60 வாக்கு தேவைப்படும் நிலையில், மசோதா 59க்கு 41 என்ற கணக்கில் அமோக ஆதரவுடன் தோற்றது. இருக்கையில் தாக்குப்பிடிக்க முடியாத நிலை வந்தால் இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பவும் தயங்கமாட்டேன் என்று அவர் எச்சரித்துள்ளார்."

விதி22:

இப்போது உயிர் வந்திருக்கிறது. நான்கு திருத்தம்.

"தொகுதி" தவறு. தொகுதி பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்குத்தான், செனட்டருக்கு முழு மாநிலமும். "சொந்த மாநிலத்தில்" என்று மாற்றுங்கள்.

ஏரியில் இருப்பவருக்கு ஏது இருக்கை? "இருக்கையில் தாக்குப்பிடிக்க முடியாத" என்பதை எடுத்துவிடுங்கள், மின்னஞ்சல் மட்டும் நிற்கட்டும்.

தோற்றது மசோதா அல்ல, விவாதத்தை முடிக்கும் தீர்மானம். மசோதா வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. "மசோதாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தலாமா என்ற தீர்மானம், யாரும் பேசாத அவையில் தோற்றது" என்று எழுதிப் பாருங்கள், விளக்கமும் முடிந்துவிடும்.

59-41 கணக்கும் கொஞ்சம் இடறும். தோற்கும் என்று தெரிந்ததும் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் தன் வாக்கை "எதிர்ப்பு" என்று மாற்றிக்கொள்வது வழக்கம். தோற்ற தீர்மானத்தை மறுபரிசீலனைக்குக் கொண்டுவர, எதிர்த்து வாக்களித்தவருக்குத்தான் உரிமை. அதனால் 59 பேர் ஆதரித்தாலும் பதிவில் 58-42 என்று நிற்கும். மசோதாவை அவைக்குக் கொண்டுவந்த தலைவரின் பெயரே எதிர்த்தவர் பட்டியலில் இருக்கும். இதை அப்படியே செய்தியாகப் போடுங்கள், ஒரு சொல் கூட்ட வேண்டாம்.