மொட்டை மாடி விருந்தில் மாக்டெயிலா, நன்னாரி சர்பத்தா?

மயிலைவாசி:
அடுத்த மாதம் பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் முடிந்த மாலையில், மந்தைவெளியில் உள்ள எங்கள் மொட்டை மாடியில் அறுபது பேருக்கு விருந்து வைத்திருக்கிறோம். கேட்டரிங்காரர் மாக்டெயில் (மது கலக்காத கலவைப் பானம்) கவுண்டர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். தங்கை சரி என்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அண்மையில் ஓர் உறவினரின் திருமண வரவேற்பில் நீல நிறப் பானம் ஒன்றைக் குடித்தேன். ஆரஞ்சு வாசனை கலந்த சர்க்கரைப் பாகும் சாயமும் சோடாவும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நாக்கு நீலமானதுதான் மிச்சம். நாட்டு மருந்துக் கடையில் நம்முடைய நன்னாரி வேர் கிடைக்கும்போது, வெளியிலிருந்து வந்த அந்தப் பானத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

எலியட்ஸ் அலை:
மயிலைவாசி அண்ணா, நீங்கள் சுவையை மட்டும் பார்க்கிறீர்கள். இந்த ஊரில் மாலைப் பொழுதைக் கழிக்கக் கடற்கரையையும் திரையரங்கையும் விட்டால், மது அருந்தாத ஒரு பெண் தோழிகளுடன் நெடுநேரம் அமர்ந்து பேச எத்தனை இடங்கள் இருக்கின்றன? காபிக் கடையில்கூடக் கோப்பை காலியானதும் எழுந்துவிட வேண்டும் என்ற உணர்வு வந்துவிடுகிறது. கவுண்டர் முன் நின்று, புதினாவும் எலுமிச்சையும் நசுங்குவதைப் பார்த்து, "எனக்கு இனிப்பு குறைவாக" என்று கேட்டு வாங்கும் அந்த ஐந்து நிமிடங்களில்தான் முன்பின் அறியாதவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அண்டாவிலிருந்து மொண்டு நீட்டும் சர்பத் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

நம்முடையது, வெளியிலிருந்து வந்தது என்ற பிரிவினையும் எனக்குப் புரியவில்லை. நாம் கொண்டாடும் கோலி சோடாவின் புட்டி, இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிராம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம். கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் ஃபிரடெரிக் டியூடரின் நிறுவனம் கட்டியது. பனிக்கட்டியை அன்றே ஏற்றுக்கொண்ட சென்னை, புதினா சோடாவை ஏன் ஒதுக்க வேண்டும்?

தங்கசாலைக்காரர்:
சகோதரி சொல்லும் வரலாறு சரிதான் என்றாலும், கோலி சோடாவை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். என் மாமா சோடாக் கடை வைத்திருந்தார். கட்டைவிரலால் கோலியை அழுத்தும்போது எழும் சீறலும், புட்டியைச் சரியான பக்கம் சாய்த்தால் கழுத்திலுள்ள பள்ளத்தில் கோலி ஒதுங்கி நின்று வழிவிடுவதும், தவறிச் சாய்த்தால் அது உருண்டு வந்து வாயை அடைப்பதும் பயின்று கற்கும் வித்தை. வடிவம் எங்கிருந்து வந்தாலும் அதைப் பழகிய கைகள் நம்முடையவை. விருந்துக்குப் பன்னீர் சோடா வையுங்கள். குழந்தைகள் புட்டியை விட்டு நகர மாட்டார்கள்.

மயிலைவாசி:
ஐஸ் ஹவுஸ் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எந்த ஊரிலிருந்து வந்தது என்பது என் வாதமாக இருந்திருக்கக் கூடாது. என் குறையெல்லாம் அந்த நீலப் பாகில் எவருடைய உழைப்பும் இல்லை என்பதுதான். நன்னாரி வேரைத் தட்டி, நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையை நீக்கி, மணமுள்ள தோலை மட்டும் வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால், மாடிப்படி வரை அதன் மணம் இறங்கி வரும். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்களே, அங்கே கவுண்டர் இல்லாமலேயே ஊர் பேசிக்கொள்கிறது.

எலியட்ஸ் அலை:
அண்ணா, உற்சவத்தில் நீர்மோர் கொடுப்பவர் குடிப்பவரின் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். நான் கேட்பதும் அதுதான். உங்கள் நன்னாரிப் பாகையே கவுண்டரில் வையுங்கள். எலுமிச்சையை முன்கூட்டியே பிழிந்து வைத்தால் கசந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கோப்பைக்கும் அங்கேயே பிழிய ஓர் ஆளை நிறுத்தியே ஆக வேண்டும். தண்ணீரா, சோடாவா, புதினா வேண்டுமா என்று அவர் ஒவ்வொருவரையும் கேட்கட்டும். நீலப் பாகை நீக்க நான் சம்மதிக்கிறேன். கவுண்டரை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.