அப்டேட்: கரிசல் மண்ணு வாசல்ல தண்ணி தேங்குதுன்னு கேட்டிருந்தேன்ல

கோவில்பட்டி வீட்டு முன்வாசல்ல மழை பெஞ்சா தண்ணி நிக்குது, வெயில்ல கை நுழையுற அளவு வெடிக்குதுன்னு போட்டிருந்தேன், இப்ப நல்லாவே மாறியிருக்கு. மணல் கொட்டச் சொன்னீங்க, நான் கொட்டல, கரிசல் மாதிரி களிமண்ணுல கொஞ்சமா மணல் கலந்தா காஞ்சதும் இன்னும் இறுகித்தான் போகும். பதிலா மக்குன சாணி எருவ மேல் அரையடிக்கு கொத்திக் கலந்தோம், அதுவும் மண்ணு புட்டு மாவு மாதிரி பிடிச்சா நின்னு தட்டுனா உதிர்ற பதத்துல மட்டும். தரைய தெருப்பக்கம் சரிவா இழுத்துவிட்டு, மேட்டுப்பாத்தி போட்டு செம்பருத்தி, நந்தியாவட்டை வச்சு, மேல கடலைத் தொலி பரப்பியாச்சு, வெடிப்பு ரொம்பவே கொறஞ்சிருச்சு. ஜிப்சம் (மண்ணச் சீராக்கப் போடுற கால்சிய உப்பு) போடலாமான்னு கேட்டவங்க முதல்ல மண் பரிசோதனை பண்ணுங்க, சோடியம் கூடுதலா இருந்தா போடுங்க. வேப்பங்கன்னு மட்டும் சுவர ஒட்டி வேணாம்ங்க, வேரு ஈரத்த உறிஞ்சினா கரிசல் சுருங்கி அஸ்திவாரம் இறங்கிரும்.