முசோலினியை இறக்கியது யார்?

திருவாரூர்ப் பையன்: குறுவை அறுப்பு முடிந்த களத்தில் படுத்தபடி இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைப் பற்றிப் படித்தேன். 1922-இல் ரோமுக்குப் படைதிரட்டிப் பதவி பிடித்தவரை 1943-இல் இறக்கியது மக்களா?

மன்னார்குடிப் பெரியவர்: இல்லை தம்பி, அவருடைய ஆட்களேதான். இரண்டாம் உலகப்போரில் நேசப்படை இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கியதும், ஜூலை 24 இரவு கூடிய பாசிசப் பெருமன்றம் (அவர் கட்சியின் உச்ச மன்றம்) விடிவதற்குள் 19-க்கு 7 என்று அவரைக் கைவிட்டது. அரசரைப் பார்க்கப் போனவரைக் கைதுசெய்து ஆம்புலன்சில் அள்ளிப்போட்டுப் போனார்கள். பதவி கொடுத்ததும் அதே அரசர்தான்!

எனக்கு மறக்காதது கோதுமை விளைச்சலைக் கூட்ட அவர் 1925-இல் தொடங்கிய 'கோதுமைப் போர்' இயக்கம். சட்டையில்லாமல் கதிரடிப்பதுபோல் படமெல்லாம் எடுத்துக்கொண்டார். கோதுமை கூடியது, ஆலிவும் மேய்ச்சலும் அடிவாங்கின. (நம் வயலிலும் கரைவேட்டிகள் நாற்றோடு போஸ் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.)

குடவாசல்காரன்: எதிர்க்கட்சி எம்.பி. மத்தியோட்டியை விட்டுவிட்டீர்களே. தேர்தல் முறைகேட்டை நாடாளுமன்றத்தில் பேசியவரை 1924-இல் கொன்றார்கள்.

திருவாரூர்ப் பையன்: சரி, அப்புறம்?

மன்னார்குடிப் பெரியவர்: ஜெர்மன்காரர்கள் மீட்டு, வடக்கே ஒப்புக்கு ஓர் ஆட்சி. 1945 ஏப்ரல் 28-இல் சுடப்பட்டார். மறுநாள் மிலானில், பெட்ரோல் பங்கில் தலைகீழாகத் தொங்கினார்.